பவளம் அக்கா மினுக்கிய தேநீர்க் கிண்ணம்

பவளம் அக்கா காலமான செய்தி மாசி மாதத்து ஒரு காலையில் வந்தது. வேலைக்குப் புறப்பட்டு லிஃப்ற்றுக்குக் காத்து நின்றேன். அவருடைய மகன் கதவைத் திறந்து, "அம்மா எழும்பேல்லை அன்ரி" என்றான். வெளியே எங்கள் டோர்செட் பார்க் வட்டாரம் முழுவதும் பனிக்குள் கிடந்தது. அது வேறு யாருக்கோ வந்த செய்திபோல லிஃப்ற் பொத்தானை மறுபடி அழுத்தினேன்.

அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஊரில் மானிப்பாய்க்காரர், இங்கே எங்கள் மாடியில் குடியிருந்தவர், துப்புரவில் பித்துக் கொண்டவர். அவருடைய குசினிக்குள் நுழைந்தால் எனக்கே ஒருமுறை கை கழுவ வேண்டும்போல இருக்கும். பிறர் வீட்டில் எதையும் அண்ணாந்துதான் குடிப்பார், உதடு படாது. நான் பகிடி பண்ணினால், உனக்கெண்டால் எந்தக் கோப்பையும் சரிதானே என்று பதிலடி கொடுப்பார்.

பக்கத்து வீட்டில் நக்கானோ அம்மா என்ற ஜப்பானிய மூதாட்டி தனியே இருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருமுறை அவர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்படி அக்காவிடம் வீட்டுத் திறப்பைக் கொடுத்தார். அங்கே அலமாரியில் ஒரு மண் கிண்ணம். பால் நிற மெருகு, அதில் மயிரிழை வெடிப்புகள், வெடிப்பெல்லாம் பழுப்பு. சுகமில்லாத மனுசி, கழுவ ஏலாமல் விட்டிருக்கிறார் என்று அக்கா இரங்கினார். புளியும் அப்பச்சோடாவும் போட்டு, பித்தளைச் செம்பை மினுக்குவதுபோல மினுக்கி வைத்துவிட்டார்.

நக்கானோ அம்மா திரும்பி வந்து கிண்ணத்தைக் கையில் எடுத்து வெடிப்புகளை விரலால் தடவினார். பிறகு மெல்ல ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார். அது தேநீர்ச் சடங்குக் கிண்ணம், பாட்டி காலத்துக்கும் முந்தியது. குடிக்கக் குடிக்க வெடிப்புகளில் தேநீர் ஊறித்தான் அந்த நிறம் வரும். இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஜப்பானியர் என்று இந்த நாட்டின் மேற்குக் கரையோரத்திலிருந்து தங்களைத் துரத்தியபோது தன் தாய் அதைத் துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்தாராம். தாய் குடித்த தேநீரும் அந்த நிறத்துக்குள் ஊறிக் கிடந்ததாம்.

நான் மொழிபெயர்த்து முடிக்குமுன் அக்கா நிலத்தில் குந்திவிட்டார்.

"ஐயோ பிள்ளை, நான் அவவின்ர தாயையெல்லே கழுவி ஊத்திப்போட்டன்."

நிறம் திரும்ப வருமோ என்று கேட்கச் சொன்னார். குடித்தால் வரும், மெதுவாக வரும் என்றார் நக்கானோ அம்மா.

அப்படித்தான் சனிக்கிழமைப் பின்னேரங்கள் தொடங்கின. ஒரே கிண்ணத்தில் ஒருவர் குடித்து, விளிம்பைத் துடைத்து மற்றவருக்குக் கொடுக்க வேண்டும். முதல்நாள் அக்காவின் தலை பழக்கத்தில் அண்ணாந்தது. பிறகு தாழ்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு உதட்டை வைத்தார். அந்தப் பச்சைத் தேநீர் பாகற்காய்த் தண்ணீர்போல இருந்ததாகப் பிறகு என் காதுக்குள் சொன்னார்.

அந்தப் பின்னேரங்களை நினைத்தால் கனவோ என்றிருக்கிறது. யன்னலுக்கு வெளியே பனி ஓசையில்லாமல் இறங்கும். உள்ளே கேத்தில் முனகும். அக்கா மானிப்பாய்க் கதையைத் தமிழில் சொல்லுவார், நக்கானோ அம்மா ஜப்பானிய மொழியில் ஏதோ பதில் சொல்லுவார், இருவரும் சிரிப்பார்கள். என் மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்படவில்லை. நான் சூட்டில் தூங்கி விழுவேன்.

புறப்படும்போது மட்டும் அக்கா என்னைத் தட்டி எழுப்புவார். "வந்திட்டுதோ எண்டு கேள் பிள்ளை. அவ கண்மூட முதல் வந்திடவேணும்."

எங்களுக்கு அந்தப் பழைய நிறம் எங்கே தெரியும்? அக்கா அதை ஊத்தையென்றே பார்த்தவர், நான் பார்த்ததேயில்லை. நக்கானோ அம்மா கிண்ணத்தை யன்னல் வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்து, இன்னும் இல்லை என்று தலையாட்டுவார். அக்காவின் முகம் வாடும். அடுத்த சனி முதல் ஆளாகப் போய் நிற்பார்.

செத்தவீடு முடிந்த சனிக்கிழமை நான் தனியே போனேன். நக்கானோ அம்மா தேநீர் கலக்கி என் முன்னால் வைத்தார். அக்காவுக்காகக் கடைசியாக ஒருமுறை கேட்டேன், வந்துவிட்டதா என்று.

அவர் கிண்ணத்தைச் சுற்றிப் பார்க்கவில்லை.

"அந்த நிறம் வந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது," என்றார். "சொல்லியிருந்தால் அவர் வருவதை நிறுத்தியிருப்பார்."

நான் குடித்து, விளிம்பைத் துடைத்துக் கொடுத்தேன். அவர் அதைக் குடிக்காமல் மடியில் வைத்து, இரு கைகளாலும் பொத்திக்கொண்டு அழுதார்.

அக்கா, நிறம் வந்திட்டுது. நிம்மதியாய்ப் போயிட்டு வாங்கோ.