லூசியிடம் கற்ற பிரெஞ்சு

என் மகளை நான் திருத்தியதில் ஒன்றை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

கனடாவின் மொன்றியல் நகரில் லாசால் பகுதியை விட்டு, நகருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒன்பது வயது ரூத்துக்கு நானே வீட்டில் படிப்பிக்கிறேன். காலை ஜெபம் முடிந்ததும் சாப்பாட்டு மேசையில் பாடம் தொடங்கும். பிரெஞ்சை வகுப்புக்குப் போய் முறையாகக் கற்றவள் என்ற பெருமை எனக்கு. ரூத்தோ, பக்கத்துப் பண்ணையில் மாடு வளர்க்கும் லூசியின் நாட்டுப்புறப் பேச்சைப் பழகிக்கொண்டு வந்தாள்.

“அது பிழையான பிரெஞ்சு. இனி அங்க போகக்கூடாது” என்று தடுத்துவிட்டேன்.

அந்தக் கிழமையே, ஏணியில் நின்று கூரைப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்த என் கணவர் ஏணியோடு விழுந்தார். அவசர உதவிக்கு அழைத்தேன். மறுமுனையில் இருந்தவர் படபடவென்று கேட்டது எதுவும் எனக்கு விளங்கவில்லை. கற்ற சொல் ஒன்றும் பயத்தில் வாயில் வரவில்லை.

“அம்மா, ஃபோனைத் தாங்கோ. நான் கதைக்கிறன்” என்றாள் ரூத்.

லூசி பேசுவதுபோலவே பேசி, அப்பாவின் நிலையையும் வீட்டுக்கு வரும் வழியையும் நிதானமாகச் சொன்னாள். ஆம்புலன்ஸ் வந்தது. கால் முறிவோடு அவர் தப்பினார்.

கணவர் வீடு திரும்பிய பிறகு லூசியின் கதவைத் தட்டினேன். அவர் பேச்சைப் பிழை என்று மகளிடம் சொன்னதைத் தடுமாறித் தடுமாறிப் பிரெஞ்சிலேயே ஒப்புக்கொண்டேன். லூசி பெரிதாகச் சிரித்து, கோப்பி ஊற்றித் தந்தார்.

இன்றும் வீட்டில் நான்தான் படிப்பிக்கிறேன். அந்த முடிவில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரெஞ்சுக்கு மட்டும் நாங்கள் இருவரும் லூசியின் சமையலறைக்குப் போகிறோம். அங்கே அதிகம் திருத்தப்படுவது நான்தான்.