இரண்டு சொல்லும் திறக்காத பூட்டும்: குளித்தலையிலிருந்து அம்மா மண்டபம் வரை

ஸ்ரீரங்கத்தில் திதி கொடுக்கப் போகிறவர்கள் நிறையப் பேர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். பழனிக்கு நடந்து போனதைப் பற்றி நான் எழுதியதை லட்சம் பேர் படித்தார்கள். நாற்பது பேர் என்று என் மனைவி சொல்வாள், நம்ப வேண்டாம். இந்தத் தடவை போனது என் அக்கா மகன் கதிரின் முதல் வருஷத் திதிக்கு. ஐப்பசி மாதம், காவிரி நிறைந்து போகிற நேரம். முப்பது வயசு ஆகாத பையன். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவனை நாலாம் நாள் தூக்கிக்கொண்டு வந்தோம். தாய்மாமன் நான், போகாமல் முடியுமா?

இன்னொரு வேலையும் இருந்தது. கதிரின் லேப்டாப் பாஸ்வேர்டு தெரியாமல் வருஷம் பூராவும் மூடியே கிடந்தது. அதற்குள் அவன் குரல் இருக்கிறது என்று அக்கா போனில் அழுதாள். "நீ கவலைப்படாதக்கா, நான் வந்து திறந்து தரேன்" என்று சொல்லிவிட்டேன். சும்மா சொல்லவில்லை. குளித்தலையில் இருபது வருஷமாக சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். சாவி தொலைந்த பூட்டு எது வந்தாலும் ஒரு ஸ்போக்ஸ் கம்பி போதும் எனக்கு. ஒரு தடவை பேங்க் லாக்கரையே திறந்து கொடுத்தேன், மேனேஜர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

குளித்தலையிலிருந்து சத்திரம் பேருந்து நிலையம் கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டர். காலை ஆறேகால் பஸ்ஸில் ஏறினால் ஏழரைக்கு இறங்கலாம். ஐம்பது ரூபாய் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சில்லறை மீதி வரும். இடது பக்க ஜன்னலாகப் பார்த்து உட்காருங்கள், வழியெல்லாம் காவிரி எட்டிப் பார்க்கும்.

கண்டக்டரிடம் கதிரைப் பற்றிச் சொன்னேன். நாம் போனில் பேசுவதை நடுவில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாமல் செய்கிற ஆராய்ச்சி, ராணுவமே அவன் வீட்டு வாசலில் வந்து நின்றது என்றேன். அவர் டிக்கெட்டைக் கிழித்தபடி, "ராணுவம் கிடக்கட்டும்ணே. எங்க வீட்டம்மாவுக்குக் கேக்காம இருக்க அதுல ஏதாச்சும் வழி இருக்கா?" என்றார். பக்கத்து சீட்டெல்லாம் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்கா வீடு உறையூரில். சத்திரத்திலிருந்து பக்கம்தான், டவுன் பஸ் அடிக்கடி இருக்கிறது. மங்கை அக்கா சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அத்தான் ரொம்ப வருஷத்துக்கு முன்பே போய்விட்டார். நான் போனபோது லேப்டாப்பைத் துடைத்து, பூ வைத்து, சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்தாள்.

கதிரின் ஆராய்ச்சி எனக்குத் தலைகீழ்ப் பாடம். உங்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். போனில் அவன் ஒரு ஆப் செய்திருந்தான். கூப்பிட்டதும் இரண்டு பேர் திரையிலும் இரண்டு தமிழ்ச் சொற்கள் வரும். முதல் சொல்லை அம்மா படிப்பாள், இரண்டாவதை மகன் படிப்பான். இரண்டு திரையிலும் ஒரே சொற்கள் இருந்தால் நடுவில் யாரும் இல்லை. வேறு வேறாக இருந்தால் எவனோ புகுந்திருக்கிறான். இங்கிலீஷ் எழுத்தும் நீள நம்பரும் படிக்க வராதவர்களும் பத்திரமாகப் பேச வேண்டும் என்பதுதான் அவன் படிப்பு. தினமும் சாயங்காலம் கல்லூரியிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டுப் பேசித்தான் சோதனை பார்ப்பான். அவள் படிப்பாள், அவன் படிப்பான். உடனே அக்கா, "சரியா இருக்கு, சொல்லு" என்பாள். அப்புறம்தான் சாப்பிட்டாயா, தூங்கினாயா எல்லாம். அந்தப் பேச்சுகளின் பதிவு மொத்தமும் இருப்பது இந்த லேப்டாப்பில்தான்.

எங்கள் வீட்டில் யாருக்கும் ழகரம் வராது. அக்கா 'மழை' என்று படித்தால் 'மளை' என்றுதான் வரும். அது மழையா மலையா என்று கதிருக்கே தெரியாமல், கடைசியில் ழகரம் உள்ள சொற்களையெல்லாம் ஆப்பின் சொல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டான். என் நாக்கால் உன் படிப்பு கெட்டதா என்று அக்கா கோபித்துக்கொண்டாளாம். "உன் நாக்கைத்தாம்மா நான் படிக்கிறேன்" என்றானாம். இதைச் சொல்லிவிட்டு அவள் எனக்குக் காப்பி போட உள்ளே போனாள். திரும்பி வர நேரமானது.

நான் வேலையில் இறங்கினேன். கதிர் பெயர், பிறந்த தேதி, குலதெய்வம், அத்தானின் பழைய ஸ்கூட்டர் நம்பர் எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. அப்போதுதான் ஜெனிட்டா வந்தாள். பாலக்கரைப் பெண், கதிரோடு கூட ஆராய்ச்சி செய்தவள். லேப்டாப் கல்லூரியுடையது. அக்காவுக்காக ஒரு வருஷம் விட்டு வைத்திருந்தார்கள், இன்று சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் உள்ளே இருப்பதை அழித்துவிட்டு வேறு ஒருவருக்குத் தருவார்கள். அக்காவுக்கு இருந்தது இந்த ஒரு பகல்தான்.

"அவனுக்குப் பிடிச்ச வார்த்தை எதையும் அவன் வெச்சிருக்க மாட்டான் அங்கிள்" என்றாள் ஜெனிட்டா.

அக்கா யோசித்துச் சொன்னாள்: "ஒரு நாள் மத்தியானம் பூரா என் தாயக்கட்டையை உருட்டிக்கிட்டே இருந்தான். வீட்டுல தாயம் ஆடாதடா, ஆகாதுன்னு திட்டினேன். ஆடலைம்மா, சாவி செய்யறேன்னான். இப்ப நினைச்சா, அதனாலதான் இப்படி ஆச்சோன்னு இருக்கு."

"ஐயோ, இல்லைங்கம்மா" என்று ஜெனிட்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கட்டை விழுற எண்ணுக்குப் பட்டியல்ல எந்த வார்த்தை இருக்கோ அதை எடுத்துக்கணும். அப்படி ஆறு வார்த்தை சேர்த்தா அதுதான் பாஸ்வேர்டு. யாரும் யோசிச்சுக் கண்டுபிடிக்கக் கூடாதுன்னுதான் கட்டையை உருட்டறது."

பட்டியல் ஜெனிட்டாவிடமே இருந்தது. அப்படியானால் நானும் உருட்டுகிறேன், கட்டையை எடு அக்கா என்றேன். என் கைக்குத் தாயம் கேட்டபோதெல்லாம் விழும், ஊருக்கே தெரியும்.

"காவிரி மணல்ல ஒரே ஒரு மணலுக்கு அடையாளம் போட்டு ஆத்துலயே விட்டாச்சு. அதைக் கண்ணை மூடிட்டுத் தேடுற மாதிரி அங்கிள் இது" என்றாள்.

ஸ்போக்ஸ் கம்பி சட்டைப் பையிலேயே இருந்தது. வெளியே எடுக்கவில்லை.

திதிக்கு நேரமானதால் மூன்று பேரும் கிளம்பினோம். சத்திரம் வந்து ஸ்ரீரங்கம் போகிற ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் பாலம் தாண்டி அம்மா மண்டபம் ஸ்டாப். ஆண்களுக்குப் பத்து ரூபாய் போதும், பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. லேப்டாப் பையை அக்கா மடியிலேயே வைத்திருந்தாள். படித்துறையில் ஐயர் சங்கல்பம் சொல்லி, பெயர் கேட்டார். கதிரவன் என்று அக்காதான் சொன்னாள். பிண்டத்தை ஆற்றில் விட்டுக் கரையேறினேன். அக்கா ஈரப் படியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏம்மா, உங்க காலேஜ்ல பெரிய பெரிய ஆளுங்க இருப்பாங்களே. அவங்களாலயும் முடியாதா?"

"முடியாதும்மா."

"அவன் நினைச்சாகூட முடியாதா?"

"அந்த ஆறு வார்த்தை மறந்திருந்தா, அவனாலயே முடியாதும்மா."

"அப்ப அவன் பண்ணது சரியாத்தான் இருக்கா?"

ஜெனிட்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "திறந்திருந்தாத்தாம்மா தப்பு" என்றாள்.

அக்கா பையின் ஜிப்பை இழுத்து மூடி அவளிடம் கொடுத்தாள். அவ்வளவுதான். நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். அமாவாசையில் போகாதீர்கள், படியில் கால் வைக்க இடம் இருக்காது. தண்ணீர் நிறையப் போகும்போது கம்பி கட்டிய இடத்துக்குள்ளேயே முழுகுங்கள். ஐயரிடம் தட்சிணையை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். எள்ளும் அரிசி மாவும் வீட்டிலிருந்தே கொண்டு போகலாம். வீட்டுப் பிள்ளைகள் பேசுவதை எங்காவது ஒரு சாதாரண போனில், பூட்டில்லாமல், கொஞ்சம் பதிவு செய்து வையுங்கள்.

கிளம்புமுன் அக்கா ஜெனிட்டாவிடம் சொல்லி அந்த ஆப்பை என் போனில் ஏற்ற வைத்தாள்.

மூன்றரை மணி பஸ்ஸில் திரும்பினேன். கம்பரசம்பேட்டை தாண்டி ஜீயபுரம் நெருங்கியபோது போன் அடித்தது. திரையில் இரண்டு சொற்கள்.

"உரல்" என்றாள் அக்கா.

ஒரு சொல்லுக்குப் பத்துச் சொல் சேர்க்காமல் நான் பேசியதே கிடையாது. அன்றைக்கு ஒன்றும் சேர்க்கவில்லை. "பவளம்" என்றேன்.

"சரியா இருக்கு" என்றாள்.

பஸ் ஜீயபுரத்தில் நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பிய பிறகுதான் அந்தப் பக்கமிருந்து 'சொல்லு' வந்தது.