குழாயைத் தொடாத மெக்கானிக்

தெருவில் அவரை மீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கார் ஏசி ரிப்பேர் பார்ப்பவர். நீலமும் சிவப்புமாக இரண்டு வட்டம் வைத்த கேஸ் மீட்டரைத் தோளில் மாட்டாமல் எந்த வண்டிக்கும் பக்கத்தில் போகமாட்டார். பதினாறு வருடமாக அதே கடை, அதே தொழில். ஆனாலும் மூன்று வருடமாக அவருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. காரணம், சகலை.

மனைவியின் தங்கையைக் கட்டிக்கொண்டவனும் கார் ஏசி மெக்கானிக்காகவா இருக்க வேண்டும்? உலகத்தில் வேறு வேலையே இல்லையா? சரி, தொலையட்டும். வந்தவன் ஒழுங்காக மீட்டர் மாட்டிப் பார்க்கலாம் இல்லையா? மாட்டான். பானெட்டைத் திறப்பான், ஏசியின் தடித்த குழாயை உள்ளங்கையால் பொத்துவான், கண்ணை மூடுவான். "கேஸ் கம்மி" என்பான். அது சரியாகவும் இருந்து தொலைக்கும்.

மாமனார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தக் கையைப் பார்த்துச் சொக்கிப்போனார். ஒருநாள் குடும்பமே கூடிச் சாப்பிடும்போது, "கை வச்சா போதும், நம்ம சின்ன மாப்பிள்ளைக்கு. பெரியவருக்கு மீட்டர் இல்லாட்டி ஒண்ணும் ஓடாது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மீட்டரும் சிரித்தார். சோறுதான் உள்ளே இறங்கவில்லை.

அன்றிலிருந்து அவர் எந்த வண்டியிலும் குழாயைத் தொடுவதில்லை. அதற்கு முன்னால் தொட்டுப் பார்த்தவர்தான். தொடாத மெக்கானிக் யார்? ஆனால் இப்போது தொட்டால் அவனைப் பார்த்துக் காப்பியடித்த மாதிரி ஆகிவிடுமே. அதனால் ஒரு கையை எப்போதும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் மீட்டரைப் படிப்பார்.

ஒரு சனிக்கிழமை காலை மாமனாரின் கார் கடை வாசலில் வந்து நின்றது. மூன்று வருடத்தில் முதல் தடவை.

"ஏசி அனலா அடிக்குது மாப்பிள்ளை. சின்னவர் வெளியூர் போயிருக்கார், சாயங்காலம் வந்துருவார். அதுக்குள்ள முடிஞ்சா பாருங்க. இல்லேன்னா அவரே வந்து கை வச்சுரட்டும்."

"முடியும் மாமா" என்றார் மீட்டர், பல்லைக் கடித்துக்கொண்டு. இன்றைக்குக் கோட்டைவிட்டால் இந்த வண்டி இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது என்று அவருக்குத் தெரியும்.

மீட்டரை மாட்டினார். இரண்டு முள்ளும் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. உள்ளே காற்று சுட்டது. கேஸ் முழுவதையும் இறக்கி, எடைபோட்டுத் திரும்ப ஏற்றினார். முள் சரி, காற்று சூடு. ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் முன்பக்கக் காயிலைக் கழுவினார். வால்வை மாற்றினார். சூடு. நோயாளி மூச்சுத் திணறிக் கிடக்க, ரிப்போர்ட் மட்டும் பிரமாதமாக இருந்தது. அவன் இருந்தால் இந்நேரம் கண்டுபிடித்திருப்பானோ என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பை நாலு வார்த்தை திட்டினார்.

மதியம் மனைவி சாப்பாட்டுக் கேரியரோடு வந்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் என்னதான் பார்க்கிறார் என்று எட்டிப் பார்த்தவள், பிடிமானத்துக்கு ஏதோ ஒன்றைப் பிடித்தாள்.

"ஐயய்யோ! ஏங்க, போன்ல ஏசி வரலேன்னீங்க? இந்தக் குழாய் ஐஸா ஜில்லுன்னு இருக்கு!"

மீட்டர் அவள் கையைப் பார்த்தார். உள்ளங்கை ஈரமாக இருந்தது.

குழாய் வியர்த்துக் கொட்டுகிறது என்றால் ஏசி வேலை செய்கிறது. அப்படியானால் கோளாறு குளிரில் இல்லை, அது உள்ளே வரும் வழியில். டேஷ்போர்டுக்குப் பின்னால், ஹீட்டரின் சூட்டை வேண்டும்போது திறந்து வேண்டாதபோது மூடுகிற சின்னக் கதவு ஒன்று உண்டு. படுத்துக்கொண்டே கைவிட்டுப் பார்த்தார். கதவு சூட்டுப் பக்கம் திறந்தே நின்றது. அதைத் தள்ளும் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருந்தது. தொட்டிருந்தால் காலையில் இரண்டே நிமிடத்தில் தெரிந்திருக்கும். வேறு சக்கரம் வாங்கிப் போட்டு நாலு மணிக்கு முடித்தார். காற்று ஜில்லென்று வந்தது.

ஐந்து மணிக்கு மாமனார் வந்தார், சின்னவரையும் கூட்டிக்கொண்டு. வேலை முடிந்ததென்று மீட்டர் வாயைத் திறப்பதற்குள் மாமனார் சாவியைத் திருப்பினார், சின்னவன் பழக்கதோஷத்தில் பானெட்டைத் தூக்கிக் குழாயைப் பொத்தினான். உள்ளே மாமனார் முகத்தில் குளிர்ந்த காற்று அடித்தது. வாயெல்லாம் பல்.

"பாத்தீங்களா! சின்னவர் கை வச்சதும் வந்துடுச்சு!"

"இல்ல மாமா, அண்ணன் ஏற்கெனவே..." என்று அவன் இழுத்தான்.

அவன் பரிந்துபேசியதில் மீட்டருக்கு இன்னும் எரிந்தது. தோளில் கிடந்த கேஸ் மீட்டர்தான் கோளாறைக் காட்டிக்கொடுத்தது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்தக் கைக்குப் பேர் போவதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை.

"அது இவர் கை இல்ல மாமா!" என்று கத்திவிட்டார். "காலையிலேர்ந்து நான் மண்டை காஞ்சு கெடந்தேன். உங்க பொண்ணு வந்து குழாயைத் தொட்டா. அவதான் கண்டுபிடிச்சா!"

சின்னவன் முகத்தில் ஈயாடவில்லை. மீட்டருக்கு நெஞ்சு நிறைந்தது. மாமனார் மட்டும் அசராமல், "அதானே, என் ரத்தமாச்சே" என்றார்.

அடுத்த வாரம் மாமனாரிடமிருந்து போன் வந்தது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக, சின்னவரை விட்டுவிட்டுப் பெரிய மாப்பிள்ளையைக் கூப்பிட்டிருந்தார். மீட்டர் ஓடிப்போய் எடுத்தார்.

"மாப்பிள்ளை, என் சிநேகிதர் வண்டியிலயும் ஏசி வரலையாம்."

"அனுப்புங்க மாமா, நான் பாத்துக்கறேன்!"

"பாக்கலாம், பாக்கலாம். முதல்ல போனை என் பொண்ணுகிட்ட குடுங்க."