தலைவர் வீட்டுக்கு ஆள் பிடிப்பவர்

சவரக் கடையில் பாதி முகம் நுரையோடு உட்கார்ந்திருக்கும் ஆளிடம் ஸ்டியரிங் பேசிக்கொண்டிருக்கிறார். "மழிச்சு முடிச்சதும் நேரா வந்துடு. ஐயாகிட்ட ஒரு குறை சொல்லணும், அவ்வளவுதான். குறையே இல்லேன்னா வர்ற வழியில ஒண்ணு யோசிச்சுக்க." ஒரு காலத்தில் லாரி லாரியாகக் கூட்டத்தைக் கொண்டுவந்து மைதானத்தில் இறக்கிய மனிதர் இவர். இப்போது ஒற்றை ஆளுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்ற வேண்டியிருக்கிறது.

முன்னாள் தலைவரின் டிரைவர். ஸ்டியரிங் என்பது கட்சிக்காரர்கள் வைத்த பெயர். சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால் அவர் பெண்டாட்டியே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள். கார் கொட்டகையில் தூங்குகிறது. ஸ்டியரிங்குக்கு மட்டும் ஓய்வு கிடையாது.

எல்லாம் அந்த வீடு செய்த வேலை. பதவியின் கடைசி வருஷத்தில் தலைவரே பென்சில் பிடித்து வரைந்த வீடு அது. ஓய்வு பெற்றாலும் ஜனம் அலைமோதும் என்று நம்பி வரைந்தார். காத்திருப்புக் கூடம் சினிமாக் கொட்டகையில் பாதி இருக்கும். சுற்றிலும் கல் பெஞ்சு, வரிசை கலையாமலிருக்க இரும்புக் கம்பி, உள்ளே வர ஒரு கதவு, வெளியே போக இன்னொன்று. படுக்கையறையோ தீப்பெட்டி. சாப்பாட்டு அறையைச் சுத்தமாக மறந்துவிட்டார். இன்ஜினியர் தயங்கித் தயங்கி நினைவுபடுத்தியபோது மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜையைப் போடச் சொன்னாராம். இன்றைக்கும் சாப்பிட்டு எழும்போது தலையில் இடித்துக்கொள்கிறார். ஜனங்களுக்குக் கையசைக்க மாடியில் பால்கனி உண்டு. எதிரே அடுக்குமாடிக் குடியிருப்பு முளைத்துவிட்டதால், கையசைத்தால் துணி உலர்த்தும் பெண்கள் என்ன வேணும் என்று கேட்கிறார்கள்.

முதலில் கூட்டம் வரத்தான் செய்தது. அப்புறம் தேய்ந்து தேய்ந்து நின்றுபோனது. தலைவரின் மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, மகள் தன்னோடு வந்து இருக்கும்படி அழைத்தாள். "ஒரு ஆளாவது என்னைத் தேடி வர்ற வரைக்கும் நான் இங்கதான். யாருமே வராத அன்னிக்கு வந்து கூட்டிட்டுப் போ" என்றார் தலைவர். கதவோரம் நின்ற ஸ்டியரிங் மனசுக்குள் கணக்குப் போட்டார். வீட்டைப் பூட்டினால் கொட்டகைக்கு மேலே இருக்கும் அவர் குடித்தனமும் காலி. அதுகூடப் பெரிதில்லை. மகள் வீட்டில் ஏற்கெனவே ஒரு டிரைவர் இருக்கிறான். ஐயாவை வேறொருத்தன் கூட்டிக்கொண்டு போவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாளே ஆள் பிடிக்கக் கிளம்பிவிட்டார். பூட்டு ரிப்பேர்க்காரர், பழக்கடைக்காரர், மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மச்சான், யாரையும் விடுவதில்லை. தையல்காரர் அடிக்கடி வந்து மாட்டிக்கொள்ளப் பார்த்தார். போன தடவை பக்கத்து வீட்டு நாய் என்றீர்களே, இப்போது பூனையா என்று தலைவர் கேட்க, "நாய் திருந்திடுச்சுங்க ஐயா" என்று சமாளித்தாராம். தலைவருக்கு அன்று முழுக்க முகத்தில் அப்படியொரு திருப்தி. நாயைத் திருத்தியதே தான்தான் என்று நினைத்திருப்பார்.

ஸ்டியரிங்குக்கு ஒரு கண்டிப்பு உண்டு. பெரிய குறையோடு யாரும் வரக் கூடாது. ஒருத்தன் நிஜமாகவே பிள்ளையின் வைத்தியத்துக்கு உதவி கேட்டு அழுதுவிட்டான். தலைவர் பழைய ஆட்களுக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்தார், ஒருவரும் எடுக்கவில்லை. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அதிலிருந்து, "நாய், பூனை, தெருவிளக்கு. இதுக்கு மேல போகாதே" என்று சொல்லித்தான் ஸ்டியரிங் ஆளை உள்ளே விடுகிறார்.

போன வாரம் மகளே நேரில் வந்துவிட்டாள். அவளுக்கு மருமகள் வந்தாயிற்று, ஸ்டியரிங்குக்கு இன்னும் பாப்பாதான். அன்றைக்கென்று பார்த்து பேய் மழை. சவரக் கடை திறக்கவில்லை, தையல்காரர் போனை எடுக்கவில்லை. பாப்பா நனைந்துகொண்டே வந்து கல் பெஞ்சில் உட்கார்ந்து, எங்கே அண்ணே கூட்டம் என்று கேட்டாள். மழை இல்லாவிட்டால் நிற்க இடமிருக்காது என்று ஸ்டியரிங் அளந்தார். அவள் சிரிக்கவில்லை.

"அப்பா தனியா உக்காந்து சாப்பிடுறாருண்ணே. எனக்கு அதான் தாங்கல."

மாடிப்படிக்கு அடியில் தினமும் அதைப் பார்க்கிறவர் ஸ்டியரிங்தானே.

அந்த நேரம் பார்த்து உள்ளறைக் கதவு திறந்தது. சலவைச் சட்டையோடு வந்த தலைவர் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். மொத்தமே ஒரு ஆள். சொந்த மகளென்று காட்டிக்கொள்ளவே இல்லை.

"வாங்கம்மா. என்ன குறை?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. எழுந்து நின்று சொன்னாள். "எங்கப்பா என்கூட வந்து இருக்க மாட்டேங்கிறாருங்க ஐயா."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். கவனிக்கிறேன் என்றார். பிறகு பழக்கதோஷத்தில், "அடுத்து யாரு?"

அந்த மனிதருக்கு எதிரே ஒருநாளும் உட்கார்ந்தறியாத ஸ்டியரிங், சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டு, மெல்லப் போய்ப் பாப்பாவுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தார்.