இடப்பக்கத்துச் சுவிட்சு

எங்கள் காரில் ரேடியேட்டர் விசிறியைப் போடுகிற சுவிட்சு, காரை ஓட்டுகிறவர் கைக்கு எட்டாது. அது இடப்பக்கம் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் முழங்காலுக்கு நேராக, டேஷ்போர்டின் அடியில், ஒரு தகரத் துண்டில் திருகி வைத்த சின்னக் கறுப்புச் சுவிட்சு. முதன்முறை ஏறுகிறவர்கள் அதில் முட்டியை இடித்துக்கொண்டு, "இது என்ன?" என்று கேட்பார்கள். "அது அவங்க டிப்பார்ட்மெண்ட்" என்று நான் மனைவியைக் காட்டுவேன். "அது இவரு செஞ்ச கூத்து" என்று அவள் என்னைக் காட்டுவாள். இரண்டும் உண்மை.

மனைவி இருபத்தாறு வருடம் எங்கள் தீவின் தெற்கே பாயான் லெப்பாஸில் ஒரே தொழிற்சாலையில் இருந்தாள். சோதனை மேசை. மீட்டரில் ஊசி எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, நல்லதை ஒரு தட்டில், கெட்டதை இன்னொரு தட்டில் வைக்க வேண்டும். ஒருநாள் அந்த மேசைகளை அப்படியே கழற்றி வேறொரு நாட்டுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். மேசைகள் கடல் தாண்டிப் போயின, மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஏழு மாதம் வீட்டில் இருந்தாள். மின்சாரச் சோற்றுப் பானையின் சிவப்பு விளக்கு மஞ்சளாக மாறும்வரை அதன் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள்.

நாற்பத்தெட்டு வயதில் அவளுக்கு மறுபடி வேலை கிடைத்தது. அதே பாயான் லெப்பாஸ், ஒரு சின்னக் கம்பெனி. மூன்று மாதம் பார்ப்பார்கள், பிறகுதான் நிரந்தரம். அந்த மூன்று மாதத்துக்குள் மூன்று தடவை தாமதமாக வந்தால் நிரந்தரம் கிடையாது. இதைச் சொன்ன சூப்பர்வைசருக்கு எங்கள் மகள் வயது. "ஆன்ட்டி, வேலையப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. லேட் மட்டும் வந்துடாதீங்க" என்றாளாம்.

பழைய கம்பெனியின் பஸ் டத்தோ கிராமாட்டில் எங்கள் சந்து முனைக்கே வரும். புதியதற்குப் பஸ் கிடையாது. முழங்கால் வலியோடு மோட்டார் சைக்கிளில் என் பின்னால் உட்கார அவளால் முடியாது. நான் பாடம் எடுக்கிற வகுப்புகள் இரவில்தான். ஆகவே காலையில் கொண்டுபோய் விடுவதும் மாலையில் அழைத்து வருவதும் என் பொறுப்பாயின. என் பொறுப்பு என்றால் எங்கள் காரின் பொறுப்பு. அதற்கு அப்போதே இருபது வயது தாண்டியிருந்தது.

கடலோர நெடுஞ்சாலையில் தெற்கே போகும்போது கடல் இடப்பக்கம் வரும். அதாவது அவள் பக்கம். நான் கடலைப் பார்க்க வேண்டுமானால் அவள் முகத்தைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும். காலை வெயில் அந்தப் பக்கத்திலிருந்துதான் ஏறும். தண்ணீர் வற்றிய நாட்களில் சேற்றில் கொக்குகள் நிற்கும், யாரோ ஒருவர் முழங்கால்வரை இறங்கி எதையோ பொறுக்கிக்கொண்டிருப்பார். எனக்கு அப்படி எதையாவது பார்த்துவிட்டால் போதும், கை ஸ்டியரிங்கில் இருக்கும், நான் அங்கே இருக்க மாட்டேன்.

தீவையும் எதிர்க்கரையையும் இணைக்கிற பாலத்திலிருந்து இறங்கும் வண்டிகள் வந்து சேருகிற இடத்தில் எல்லாம் நின்றுவிடும். ஓடும்வரை எங்கள் கார் நல்ல பிள்ளை. நின்றால் கொதிக்கும். இரண்டாவது வாரம் ஒருநாள் கொதித்தது. நான்காவது வாரம் இன்னொரு நாள். அந்த இரண்டாவது நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முன்மூடியின் ஓரங்களிலிருந்து வெள்ளையாக ஆவி சீறியபோது, அது கடலின் மேலே நிற்கிற பனி என்று நான் நினைத்தேன்.

"என்னங்க, சூட்டு ஊசியப் பாக்கலியா?"

"எந்த ஊசி?"

அவள் கைப்பையிலிருந்து தண்ணீர்ப் புட்டியை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு வெளியே பார்த்தாள். அன்று அவள் இருபது நிமிடம் தாமதம். மூன்றில் இரண்டு போய்விட்டது. இன்னும் இரண்டு மாதம் பாக்கி. அதற்குள் ஒருமுறை, ஒரே ஒருமுறை இந்தக் கார் கொதித்தாலும் அவள் திரும்பவும் சோற்றுப் பானையின் முன்னால் போய் நிற்க வேண்டும். மாலையில் வழக்கம்போல் கீரை வாங்கக் காரை நிறுத்தச் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

மறுநாள் சனிக்கிழமை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற அண்ணன், நாகூரிலிருந்து வந்த குடும்பம், முன்மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். எனக்குத் தலை நரைத்த பிறகும் அவருக்கு நான் தம்பிதான்.

"ஃபேன் நல்லாத்தான் இருக்கு தம்பி. சூடு ஏறிடிச்சின்னு அதுக்குச் சொல்றதுக்கு ஒரு சென்சர் இருக்கு பாரு, அது செத்துப் போச்சு. ஓடும்போது காத்து அடிக்கும், தெரியாது. ஜேம்ல நின்னா மாட்டிக்குவே."

"அதை மாத்திடலாமா அண்ணே?"

"எப்படி மாத்துவே? பிளாஸ்டிக்குத் தொட்டியில இறுகி ஒட்டிக்கிட்டிருக்கு. திருகினா தொட்டி உடையும். புது ரேடியேட்டர்தான் போடணும். இந்த மாடலுக்கு எங்க தேடுறது? ஆள்கிட்டச் சொல்லி வைக்கிறேன், ஒரு மாசமாவும் ரெண்டு மாசமாவும். அதுவரைக்கும் கையால போடுற மாதிரி ஒரு சுவிட்சு வெச்சு ஓட்டு. நடுவுல ரிலே..."

நடுவில் ரிலே என்று அவர் தொடங்கியபோது அவர் கடைப் பூனை டயர் அடுக்கின் உச்சியில் ஏறி, உள்வளையத்துக்குள் தன்னை ஊற்றிக்கொள்வதுபோல் இறங்கிப் படுத்தது. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. நான் தலையாட்டினேன். அவர் நான் கேட்டுக்கொண்டதாக நினைத்தார்.

வீட்டில் அழைப்புமணிக்கு வாங்கிய வயர் ஒரு சுருள் இருந்தது. வீட்டு வாசலில் கார், காரின் முன்னால் நான், படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டு அவள். பேட்டரியிலிருந்து சுவிட்சுக்கு, சுவிட்சிலிருந்து விசிறிக்கு, நேராக ஒரே வயர். ஓட்டுகிற இருக்கைவரை அழகாக இழுத்துக் கொண்டுபோனேன். சுவிட்சை அழுத்தியதும் விசிறி சுற்றியது. எனக்கு மின்சாரத்தை நானே கண்டுபிடித்ததுபோல் இருந்தது.

"பாத்தியா?"

"பாத்தேன். என்ன வாசனை அது?"

"என்ன வாசனை?"

அவள் கீரையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். நான் வயரைத் தொட்டேன். அதன் தோல் என் விரலோடு வந்தது. நான் கையை உதறிக்கொண்டு குதித்தபோது, அவள் அடுப்படித் துணியைச் சுற்றிப் பேட்டரியிலிருந்து வயரை ஒரே இழுப்பில் பிடுங்கினாள். விசிறி மெதுவாக நின்றது. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "பார்பெக்யூ?" என்று கேட்டுப் போனார்.

கடை அண்ணன் கருகிய வயரைக் கையில் வாங்கி, பாம்பைத் தூக்குவதுபோல் தூக்கிப் பார்த்தார்.

"இது காலிங் பெல்லு வயரு தம்பி. வீட்டுக்கு ஆள் வந்தா 'டிங் டாங்'னு சொல்றதுக்கு. ஃபேன் இழுக்கிற கரண்டு இதுக்குள்ள போனா எரியாம என்ன செய்யும்? நான் ரிலேன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"கேட்டியா?"

நான் பூனையைப் பார்த்தேன். அது டயருக்குள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது.

அவர் பொறுமையாக மறுபடி சொன்னார். இந்தமுறை அவளும் பக்கத்தில் நின்று கேட்டாள். பேட்டரியிலிருந்து தடித்த வயர், ஒரு ஃபியூஸ் வழியாக ரிலேக்குப் போக வேண்டும். ரிலேயிலிருந்து விசிறிக்கு. பெரிய மின்சாரம் எல்லாம் முன்மூடிக்குக் கீழேயே ஓடிவிடும். ஓட்டுகிற இடத்துக்கு வருவது மெல்லிய வயர் மட்டும். சுவிட்சு ரிலேக்குச் சைகை காட்டும், பாரத்தை ரிலே தூக்கும்.

"சுவிட்சுக்குக் கரண்டு, சாவியத் திருகி அடைச்சா செத்துப் போற வயர்லேர்ந்து எடு. பேட்டரியிலேர்ந்து எடுக்காதே. எடுத்தா காடிய நிப்பாட்டினாலும் ஃபேன் ஓடிக்கிட்டே இருக்கும்."

இதையும் நான் கேட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யும்போது பேட்டரி கைக்குப் பக்கத்தில் இருந்தது, சாவி வயர் எங்கேயோ இருந்தது. பேட்டரியிலிருந்தே எடுத்தேன். அப்புறம் இன்னொன்று. கருகியது போக மிச்சமிருந்த வயர், எஞ்சினுக்கும் உள்ளுக்கும் நடுவே இருந்த ரப்பர்த் துளை வழியாக நுழைத்து இழுத்தபோது, இடப்பக்கம்வரைதான் வந்தது. என் இருக்கைக்கு இன்னும் இரண்டு முழம் வேண்டும். கடை மூடியிருந்தது. மறுநாள் திங்கள், ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும்.

"அங்கயே வெச்சிருங்க. நான் பாத்துக்கிறேன்."

அப்படித்தான் அது அங்கே வந்தது.

திங்கட்கிழமை காலை அவள் ஏறி உட்கார்ந்ததும் செய்த முதல் காரியம், உடம்பைச் சாய்த்து, என் முன்னால் இருக்கிற ஊசி அவள் இடத்திலிருந்து தெரிகிறதா என்று பார்த்ததுதான். தெரிந்தது. பாலத்து இறக்கத்தில் வண்டிகள் நின்றன. ஊசி பாதியைத் தாண்டியது. டிக். முன்னால் விசிறி உறுமியது. ஊசி யோசித்தது, நின்றது, இறங்கியது. டிக். உறுமல் அடங்கியது.

"ஏன் நிப்பாட்டிட்ட? ஓடட்டுமே."

"பேட்டரி பழசு. லைட்டு எரியுது, ஏர்கோன் ஓடுது. பாதிக்கு மேல ஒரு கோடு ஏறினா போடணும், பாதிக்குக் கீழ வந்தா நிப்பாட்டணும். நீங்க கடலப் பாருங்கலா."

நான் பார்த்தேன். அவளைத் தாண்டி. அவளோ ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மாதம் எதையும் அப்படி அவள் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபத்தாறு வருடம் ஒரு மேசையின் முன்னால் என் மனைவி எப்படி உட்கார்ந்திருந்தாள் என்பதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. முதுகு நிமிர்ந்து, தாடை சற்றே உயர்ந்து, உதடு லேசாகப் பிரிந்து. இரண்டு விரல் சுவிட்சின்மேல், அழுத்தாமல், தொட்டும் தொடாமலும். கம்பெனிகள் வாங்கிக்கொண்டிருந்தது இதைத்தான்.

ஏழு வாரம் அப்படிப் போனது. எங்கள் பேச்சு அந்த உறுமலுக்கு நடுவிலும் அது அடங்கிய இடைவெளிகளிலும் நடந்தது. வீட்டில் சொல்லாததையெல்லாம் அவள் ஊசியிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். புது இடத்தில் எல்லாரும் சின்னப் பிள்ளைகள், மதியம் தனியாகச் சாப்பிடுகிறாள், கண்ணாடி இல்லாமல் லேபல் படிக்க முடிவதில்லை, அதை யாரிடமும் சொல்லவில்லை. டிக். "சொல்லு" என்பேன். சொல்லுவாள்.

கடைசி வாரத்தில் மழை. விடியலுக்கு முன்பே பிடித்த மழை. நெடுஞ்சாலையில் எங்கோ ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. வண்டிகள் நகரவில்லை. துடைப்பான், விளக்கு, விசிறி மூன்றும் ஓட, பேட்டரி இளைத்து விளக்குகள் மங்கின. ஏழு நாற்பது. எட்டு மணிக்குள் அவள் வருகை அட்டையைப் பன்ச் பண்ண வேண்டும். கம்பெனியின் கூரை தூரத்தில் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிகிற தூரம், ஆனால் சக்கரத்துக்கு எட்டாத தூரம்.

அவள் செருப்பை மாற்றினாள்.

"நடந்து போயிடுறேன்."

"இந்த மழையிலயா? முட்டி?"

"முட்டி என்னோடதான வருது."

குடையை விரிப்பதற்கு முன்னால் குனிந்து சுவிட்சைப் போட்டாள். "போட்டு வெச்சிட்டுப் போறேன். நீங்க எட்டி எட்டித் தொடாதீங்க. ரோட்டப் பாருங்க." கதவு சாத்தியது. வழிந்த கண்ணாடிக்கு அப்பால் பச்சைக் குடை ஒன்று ஒரு காலைச் சற்று இழுத்தபடி, நின்றுபோன கார்களை ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டு போனது. ஊசி பாதியில் அசையாமல் நின்றது. நான் வாழ்நாளில் முதன்முறையாக அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு ஐம்பத்தாறுக்கு ஒரு செய்தி வந்தது. 'பன்ச் பண்ணிட்டேன்.'

வீட்டுக்கு வந்து சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மழைச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. மாலை நான்கரைக்குச் சாவியைத் திருகினால் கார் ஒரு முனகல்கூட முனகவில்லை. விசிறி என்னை நம்பி, காலையிலிருந்து, பேட்டரியின் கடைசிச் சொட்டுவரை ஓடியிருக்கிறது. போனில் விஷயத்தைச் சொன்னேன். அன்று அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டது அந்தச் சூப்பர்வைசர் பெண். மனைவி வாசலில் இறங்கி, திறந்த முன்மூடியையும் என்னையும் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணின் காருக்குள் திரும்பிச் சொன்னாள்:

"நான் சொல்லல? சுவிட்ச நிப்பாட்டத் தெரியாத ஆளுன்னு."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், அவள் இனி மதியம் தனியாகச் சாப்பிடப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, மூன்று மாதம் முடிகிற நாள், புது பேட்டரியோடு, சாவி வயரிலிருந்து கரண்டு எடுத்துத் திருத்திய சுவிட்சோடு அழைக்கப் போனேன். ஏறினாள். பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். மாலையில் வடக்கே திரும்பும்போது கடல் என் பக்கம் வந்துவிடும். அவள்தான் என்னைத் தாண்டிப் பார்க்க வேண்டும். பாலத்துக்குப் போகிற வண்டிகள் வரிசை கட்டி நின்றன. நாங்களும் நின்றோம். தண்ணீர் நிறைந்திருந்தது, வெளிச்சம் அதன்மேல் தட்டையாகக் கிடந்தது. அவள் என்னைத் தாண்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ரோட்டில் இத்தனை வருடம் போய்வந்தும் கடலை இன்றுதான் யாரோ அவளுக்கு அறிமுகப்படுத்தியதுபோல.

"லெட்டர் குடுத்துட்டாங்க" என்றாள். "கன்ஃபர்ம்."

நான் அவளைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

"ஏங்க, கேட்டீங்களா?"

"கேட்டேன்மா. ஊசி ஏறுது."

அவள் 'ஐயோ' என்று குனிந்தாள். டிக். முன்னால் விசிறி எழுந்தது. அந்தச் சத்தத்தில் அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கேட்கவில்லை. சுவிட்சின்மேல் இருந்த இரண்டு விரல்கள் மட்டும், ஊசி இறங்கி வெகுநேரம் ஆன பிறகும், அங்கேயே இருந்தன. நிறுத்தச் சொல்லி அவளுக்கு நான் நினைவூட்டவில்லை.

ரேடியேட்டர் கிடைத்துவிட்டது என்று கடை அண்ணன் போன மாதம் ஆள் அனுப்பினார். வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.