வாளுக்கு வைத்த பொட்டு

என் கணவரின் வாளை வாங்க வந்தவர் ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஒருவர். வெள்ளைக்காரர், எழுபது தாண்டியவர், ஜப்பானிய வாள் சேகரிப்போர் கழகத்தில் என் கணவருடைய கூட்டாளி. மல்கிரேவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி ஒன்றை விரித்தார். வாளுக்குத் தலை வணங்கினார். பிறகு உறையிலிருந்து மெல்ல உருவி, யன்னல் வெளிச்சத்துக்கு நீட்டி நெடுநேரம் பார்த்தார். அதைத் துணியில் கிடத்திய பிறகுதான் வாயைத் திறந்தார். கைப்பிடிக்குச் சற்று மேலே ஒரு கறை இருக்கிறது என்றார். யாரோ ஈர விரலால் தொட்டிருக்கிறார்களாம். ரேகைகூடத் தெரிகிறதாம்.

நான் கண்ணாடியைப் போட்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தேன். ஐந்து சத நாணயக் குற்றி அளவில், மண்ணிறத்தில் ஒரு வட்டம். அதற்குள் மெல்லிய கோடுகள். நம்பவே முடியவில்லை. அந்த இரும்பில் என் கணவரின் வெறும் விரல் பட்டு நான் கண்டதில்லை. என்னைக்கூட அவ்வளவு பக்குவமாகத் தொட்டதில்லை என்று அவருடைய முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன்.

பல் வைத்தியர் மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்துக் கைப்பிடியைக் கழற்றினார். அடியில் வாளைக் கவ்வி நிற்கும் செம்புக் காப்பையும் கழற்றினார். அதன் உள்விளிம்பில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. களிமண்ணாக இருக்குமோ என்று கேட்டார். நான் நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனேன். சந்தனம். அதன் நடுவே குங்குமமும் ஒரு துளி இருந்தது.

அந்த வாளுக்கும் எனக்கும் முதல் நாளிலிருந்தே சரிவரவில்லை. என் கணவர் டண்டினோங்கில் இரும்பைச் சூடாக்கிப் பதப்படுத்தும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். கூட வேலை செய்த ஒருவரின் தகப்பன் இரண்டாம் உலக யுத்தம் முடிந்து திரும்பும்போது கொண்டுவந்த வாள் அது. அந்த வீட்டில் யாருக்கும் வேண்டாமென்று கிடந்ததை இவர் கம்பளியில் சுற்றி, குழந்தைப் பிள்ளையைத் தூக்குவது போல வீட்டுக்குத் தூக்கிவந்தார்.

"உங்களுக்கென்ன விசரே? ஆயுதத்துக்குப் பயந்துதானே கடல் கடந்து வந்தனாங்கள். நீங்கள் அதை வீட்டுக்குள்ள கொண்டு வாறியள்."

"இது வெட்டுறதுக்கில்லையப்பா. பாக்கிறதுக்கு."

எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. அவருக்கு மட்டும் பார்க்கப் பார்க்கத் தீரவில்லை. உருக்கை அடித்து மடித்து, மடித்து அடித்து அழுக்கை வெளியேற்றுவார்களாம். வடிவம் வந்ததும் களிமண் பூசுவார்களாம், முதுகில் தடிப்பாகவும் கூரில் மெல்லிதாகவும். பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தினால், மண் மெல்லிதாக உள்ள கூர் சட்டென்று ஆறிக் கடினமாகும். முதுகு ஆறுதலாக ஆறி மிருதுவாக நிற்கும். அந்த நேரத்தில்தான் வாள் தானாக வளைகிறதாம். சில வாள்கள் தண்ணீருக்குள்ளேயே வெடித்துவிடுமாம். பிழைத்துவந்த வாளின் கூரோரமாகப் பனி படிந்தது போல ஒரு வெண்கோடு ஓடும். அதைக் காட்டுவதற்காக என்னைக் குசினியிலிருந்து எத்தனையோ தரம் கூப்பிட்டிருக்கிறார்.

"கூர் மட்டும் இருந்தால் உடைஞ்சு போகும். முதுகு இளகி இருக்கவேணும். அப்பதான் அடி தாங்கும்," என்று ஒருநாள் சொன்னார்.

"அப்ப இந்த வீட்டில ஆர் கூர், ஆர் முதுகு?"

"அதையும் நான் சொல்லவேணுமே?"

வாளுக்குச் சொந்தக்காரர் என்று யாரும் கிடையாது, அடுத்த கைக்குப் போகும்வரை வைத்துப் பார்ப்பவர்தான் உண்டு என்பார். இன்னொருவரிடம் கொடுக்கும்போது கூர் தன்னைப் பார்க்கும்படி பிடித்துக் கொடுக்க வேண்டும் என்பார். வெட்டுப்பட்டால் அது தன்னோடு போகட்டும் என்ற மரியாதை. அப்படியான மரியாதைகளெல்லாம் அவருக்கு நன்றாகப் பிடித்தன.

ஒன்றுவிட்ட ஞாயிறு காலைகளில் வாளுக்குப் பணிவிடை நடக்கும். மெல்லிய தாளால் பழைய எண்ணெயைத் துடைப்பார். குச்சியில் கட்டிய துணி உருண்டையால் வெள்ளைத் தூளை ஒற்றி ஒற்றி எடுத்து, திரும்பத் துடைத்து, புது எண்ணெய் தடவுவார். அந்த எண்ணெயில் கராம்பு மணக்கும். "உங்கட வாளுக்குப் பல்லுவலியோ?" என்று கேட்பேன். பதில் வராது. வாள் வெளியே இருக்கும்போது பேசக்கூடாது. எச்சில் தெறிக்கும், மூச்சின் ஈரம் படியும், கறை பிடிக்கும். தொடங்கும் முன்பே என்னைப் பார்த்து, "நீர் கொஞ்சம் கதைக்காமல் இரும்" என்று சொல்லிவிடுவார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து உங்களுக்குத் தேவைப்பட்டது இதுதானே என்று கதவடியில் நின்று முணுமுணுப்பேன். சிநேகிதிகளிடம் பேசும்போது அந்த வாளை நான் சக்களத்தி என்றுதான் சொல்வது.

சரஸ்வதி பூசையன்று வீட்டில் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். மகளின் புத்தகங்கள், தையல் மெஷின், அவருடைய ஸ்பானர் பெட்டி, கார் ஸ்டியரிங் எதுவும் தப்பாது. வீட்டிலிருக்கிற ஒரேயொரு உண்மையான ஆயுதத்துக்கு மட்டும் வைக்க விடமாட்டார்.

"சந்தனம் ஈரம். துருப் பிடிக்கும். அது மட்டும் வேண்டாம்."

"அம்மாளாச்சி கோவிப்பா."

"அம்மாளாச்சிக்கு இரும்பைப் பற்றித் தெரியும். கோவிக்கமாட்டா."

சாமி நம்பிக்கை அவருக்குத் துளியும் இருக்கவில்லை. என்னைக் கோயிலுக்குக் காரில் கூட்டிப்போவார். பூசை முடியும்வரை கார் பார்க்கில் இருந்து பேப்பர் வாசிப்பார். பொட்டுச் சண்டை வருடா வருடம் நடந்தது. ஒருமுறையும் நான் வெல்லவில்லை.

மகள் சிட்னிக்குப் போன பிறகு ஒரு வருடம் நவராத்திரி நேரம் பார்த்து எனக்கு இதயத்தில் வால்வு மாற்ற வேண்டி வந்தது. ஆபரேஷனுக்கு முதல்நாள் நான் பயந்து செத்துக்கொண்டிருக்கிறேன், இவர் சத்திரசிகிச்சை நிபுணரிடம் புது வால்வு என்ன உலோகம் என்று விசாரித்துக்கொண்டு நிற்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு திரும்பியபோது சாமியறை விளக்கு வறண்டு கிடந்தது. புத்தகத்துக்குப் பொட்டில்லை, காருக்கும் இல்லை.

"பூசைக்கு ஒரு விளக்காவது ஏத்தினீங்களோ?"

"நேரம் கிடைக்கேல்லையப்பா."

அந்த ஒரு வசனத்தை வைத்து அவரைப் பல மாதங்கள் வறுத்தெடுத்தேன். பெண்சாதி சாகக் கிடக்கிறாள், மனிசனுக்கு ஒரு திரி போட நேரமில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன். அவர் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

போன குளிர்காலம் அவர் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிவரை வீடு நிறைய ஆட்கள், வாளி வாளியாகச் சாப்பாடு. அதற்குப் பிறகு கழுவுவதற்கு ஒரு கோப்பையும் ஒரு கரண்டியும்தான். நான் வாய் ஓயாதவள். இப்போது தமிழ் வானொலியோடு சண்டை பிடிக்கிறேன். விக்டோரியா மாநிலத்தில் வாள் வைத்திருக்க அனுமதி வேண்டும், அது அவருடைய பெயரில் இருந்தது, ஆளோடு அதுவும் போயிற்று. கெதியாக விற்றுவிடும்படி சிட்னியிலிருக்கும் மகள் கிழமைக்குக் கிழமை சொன்னாள். எனக்கும் அதில் மறுப்பில்லை. சக்களத்தி தொலைந்தால் சரி என்றுதான் பல் வைத்தியரை வரச்சொன்னேன்.

இப்போது அவர் துணியில் கிடந்த வாளையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நகத்திலிருந்த சந்தனத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாளுக்குப் பொட்டு நான் வைக்கவில்லை. அந்த வீட்டில் வேறு ஆள் இருக்கவும் இல்லை. நான் இல்லாமல் ஒரேயொரு சரஸ்வதி பூசைதான் அங்கே வந்துபோயிருக்கிறது. நேரம் கிடைக்காத மனிசன் சந்தனம் குழைத்திருக்கிறார். என் சாமிகளிடம் அவர் போகவில்லை, போயிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும். தான் நம்பிய ஒரேயொரு பொருளை எடுத்து, அதற்கு எது ஆகாது என்று தெரிந்தே, எனக்காக அதைச் செய்திருக்கிறார். அதற்குப் பிறகு ஒன்றுவிட்ட ஞாயிறெல்லாம் அந்தக் கறையைக் கண்டிருப்பார். காப்பைக் கழற்றித் துடைக்கிறவருக்குச் சந்தனமும் கண்ணில் படாமல் இருந்திருக்காது. இரண்டையும் அப்படியே விட்டிருக்கிறார். நான் வறுத்தெடுத்தபோதும் சொல்லவில்லை. எனக்கு அந்த நேரம் அவர்மீது வந்தது கோபம். இப்படி ஒன்றைச் செய்துவிட்டு, கட்டிய பெண்சாதியிடம் சொல்லாமல் யாராவது சாவார்களா?

பல் வைத்தியர் என் மௌனத்தைக் கறையைப் பற்றிய கவலை என்று நினைத்துக்கொண்டார். யோசிக்க வேண்டாம், ஜப்பானில் தீட்டுகிறவரிடம் அனுப்பினால் மயிரிழை அளவு தேய்த்து எடுத்துவிடுவார், இருந்த அடையாளமே தெரியாது என்றார். அவர் நல்ல மனிதர். ஆறுதல் சொல்வதாகத்தான் அதைச் சொன்னார்.

வாளை விற்கவில்லை என்று சொன்னேன். அவர் வற்புறுத்தவில்லை. காப்பைப் போட்டு, கைப்பிடியைப் பூட்டி, உறையில் இட்டு, கூர் தன் பக்கம் இருக்க இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். பிறகு பராமரிக்கும் விதத்தைச் சொன்னார். எண்ணெய் காய விட்டால் துரு பரவி ரேகையைத் தின்றுவிடும். தூள் போட்டுத் துடைத்தால் நாளடைவில் ரேகை தேய்ந்துவிடும். ஆகவே அந்த இடத்துக்கு எண்ணெய் மட்டும், அதுவும் ஒற்றி எடுத்தாற்போல. வைத்திருப்பதானால் நான் கழகத்தில் சேர்ந்து என் பெயரில் அனுமதி எடுக்கவேண்டும், அதுவரை வாள் கழகத்தின் பொறுப்பில் இருக்கட்டும் என்றார். சரி என்று வாளை அவரிடமே திரும்பக் கொடுத்தேன்.

மகளுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, ஆர் யூ சீரியஸ்? உங்களுக்கு அதைப் பிடிக்காதே."

"ஓம், பிடிக்காதுதான்," என்றேன். பொட்டைப் பற்றிச் சொன்னேன்.

"தட்ஸ் சோ ஸ்வீட், அம்மா." மனதாரத்தான் சொன்னாள். ஆனால் மீட்டிங் ஒன்று தொடங்குகிறது, பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டாள். பிறகு எடுத்தபோது வேறு கதை பேசினோம்.

கழகத்தில் நான் ஒருத்திதான் பெண். அனுமதி வந்து, வாளும் வீட்டுக்கு வந்துவிட்டது. இப்போது ஒன்றுவிட்ட ஞாயிறு காலைகளில் துணியை விரித்துவிட்டு வானொலியை நிற்பாட்டுகிறேன். மற்ற இடமெல்லாம் தாள், தூள், எண்ணெய். அந்த வட்டத்துக்கு எண்ணெய் மட்டும். அவர் கை பட்ட கோப்பை, கதவு, மேசை எல்லாவற்றையும் நானே கழுவித் துடைத்து முடித்துவிட்டேன், ஒன்றிலும் அவர் இல்லை. அவருடைய விரல் இருப்பது இங்கே மட்டும்தான். தொடவேண்டும் போல இருக்கிறது. தொட்டால் என் வியர்வையின் உப்பு அதை அழித்துவிடும். என் மோதிர விரலை அந்த வட்டத்துக்கு நேர் மேலே கொண்டுபோய், படாமல் வைத்திருக்கிறேன். வாய்க்குள் எவ்வளவோ நிற்கிறது, ஒன்றும் சொல்ல முடியாது. கை சோர்ந்ததும் விரலை எடுத்து, வாளை உறையில் இடுகிறேன்.