கொத்தாமல் விட்ட சுவர்

டெல்சிக்கு ஓரிடத்தில் அடங்கி இருக்க வராது. இருபது வயதில் புதுக்கடைப் பக்கம் அண்டியாபீஸில் முந்திரிக்கொட்டை உடைக்கப் போனாள். நாள் முழுக்கக் குத்தவைத்து உட்கார்ந்து செய்கிற வேலை. நாலாம் மாதம் எழுந்தவள் திரும்பப் போகவில்லை. துணிக்கடையில் நின்றுகொண்டே இருக்கச் சொன்னார்கள், அதுவும் ஒத்துவரவில்லை. பிறகு திருவனந்தபுரத்தில் ஹோம் நர்ஸ். வாதம் வந்து படுத்த ஒருவரை ஒன்றரை வருடம் பார்த்தாள். இரண்டு மணிக்கொருதரம் அவரைப் புரட்டிப் படுக்கவைப்பதில் கெட்டிக்காரி. புரட்டாத நேரத்தில் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அவர் இறந்ததும் சொந்த ஊரான இனயத்துக்கே திரும்பி வந்து ரெனிஷைக் கட்டினாள். அவன் ஆழ்கடலில் மீன்பிடிக்கப் போனால் திரும்ப நாற்பது நாளாகும். அந்த நாற்பது நாளும் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் பெர்லின் என்ற கொத்தனாரிடம் கையாளாகச் சேர்ந்தாள்.

அவளைப் பிடித்து நிறுத்தியது வீட்டு முகப்பில் அழகுக்கு ஒட்டுகிற கிளாடிங் கல். மலைக்கல்லைப் போலத் தெரியும், ஆனால் சிமெண்டும் நிறப்பொடியும் கலந்து அச்சில் வார்த்த வில்லைதான். அச்சில் வார்ப்பதால் ஒரே முகம் பெட்டிக்குப் பெட்டி திரும்ப வரும். அப்படி இரட்டையான இரண்டு கல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் மொத்தச் சுவரும் பொய் என்று காட்டிக்கொடுத்துவிடும். மூன்று பெட்டியை ஒன்றாகப் பிரித்துத் தரையில் பரப்பி, மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். டெல்சியின் கண் எதிலும் நிலைக்காத கண். இரட்டைகளை அது தூரத்திலேயே பிடித்துவிடும். ஐந்து வருடத்தில் கொத்தனார் அடுக்குவதை அவளிடம் விட்டார், பிறகு ஒட்டுவதையும் விட்டார். பேர் மட்டும் அவருடையதாகவே இருந்தது.

நேசம்மாள் டீச்சர் வீட்டு முகப்புதான் அவள் தன் பேரில் பிடித்த முதல் சுவர். இது நின்றால் அடுத்த வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். கழன்றால், "பொம்பள ஒட்டின கல்லு" என்று புதுக்கடை முக்கு முழுக்கப் பேச்சாகி, அவள் மறுபடியும் கலவைச் சட்டி சுமக்க வேண்டியதுதான்.

சனிக்கிழமை, புதுப்பித்த வீட்டுக்குப் போதகர் வந்து ஜெபிக்கிற பிரதிஷ்டை. அதற்குள் முடியவேண்டும்.

சுவரைப் பூசியவர் மேலே சிமெண்ட் பால் விட்டுக் கண்ணாடி போலத் தேய்த்து வைத்திருந்தார். கல் ஒட்டுகிற சுவர் அப்படி இருக்கக்கூடாது. உளியால் நெருக்கமாகக் கொத்திச் சொரசொரப்பாக்கினால்தான் பசை பிடிக்கும். முதல் நாள் டெல்சி உளியை எடுத்து இருபது அடி அடித்திருப்பாள், உள்ளேயிருந்து சத்தம். டீச்சரின் கணவர் சுந்தரராஜ் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் படுத்திருந்தார். கட்டட வேலைகளை மேற்பார்த்த ரிட்டயர்டு ஓவர்சியர். எட்டு மாதத்துக்கு முன் வாதத்தில் வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போயிருந்தது. இடது கையால் கட்டில் கம்பியை ஓங்கி ஓங்கித் தட்டினார், கத்தினார்.

"நிறுத்து மக்கா, நிறுத்து! பயந்து போனாரு," என்று டீச்சர் ஓடிவந்தார்.

டெல்சி நிறுத்தினாள். நிறுத்திய பிறகும் அவர் கத்தினார். டீச்சர் ஒரு மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தார், தூங்கிவிட்டார்.

திருவனந்தபுரத்து மனிதரின் முகம் டெல்சிக்கு நினைவு வந்தது. இரக்கப்பட்டாள். உளியைப் பைக்குள் போட்டுவிட்டு, கம்பிப் பிரஷால் சுவரைத் தேய்த்து, நனைத்து, ஒட்டத் தொடங்கினாள். செய்தது தப்பு. அது தப்பென்று அவளுக்கும் அப்போதே தெரியும்.

புதன்கிழமை மத்தியானம் வாசல் நிலைக்கு மேலே கடைசி வரிசையும் முடிந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து கொத்துக்கரண்டிப் பிடியால் கல்லைத் தட்டிப் பார்த்தாள். கெட்டியாக ஒட்டிய கல் மந்தமாகச் சத்தம் கொடுக்கும். இது வெறுங்குடம் போலச் சத்தம் கொடுத்தது. அடுத்ததும் அப்படியே. ஒன்றை விரல் நுனியால் நெம்பினாள். கல் கையோடு வந்துவிட்டது. பசை முழுதும் கல்லின் முதுகில் இருந்தது. சுவர் கழுவிவைத்த பீங்கானாக மினுங்கியது.

கலவை பிசைகிற குளோரி எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, கல்லா அது, பல்லுசெட்டா?"

"வாய மூடுங்க யக்கா."

"நான் மூடுதேன். சனிக்கிழமை இது போதகருக்க தலையில விழும்போ அவரு மூடுவாரா?"

கழன்ற கல்லை அப்படியே திரும்ப ஒட்டிவிட்டு டெல்சி பஸ் ஏறினாள். பஸ்ஸில் கம்பியைத் தட்டினாள். வீட்டில் வாளியைத் தட்டினாள், அடுப்புத் திண்டைத் தட்டினாள். மீன் கருகிப்போனது. பிரதிஷ்டையன்று சுந்தரராஜின் சக்கர நாற்காலியை அந்த வாசலில்தான் நிறுத்துவார்கள். அந்த நினைப்பு வந்ததும் சோற்றை மூடிவைத்துவிட்டு எழுந்தாள்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸுக்கே வந்து நின்றாள்.

"டீச்சரே, எல்லாத்தையும் களத்தணும்."

டீச்சர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "ஒனக்குக் கிறுக்கா பிள்ளே? நாளை மறுநாள் பிரதிஷ்டை. எனக்க மவன் விபினு குவைத்திலிருந்து வீடியோவுல பாத்து, நல்லாருக்குன்னு சொல்லிட்டான்."

"குவைத்துல இருந்து பாத்தா நல்லாத்தான் இருக்கும். இங்க அடியில நிக்கதுக்குத்தான் ஆளு வேணும். நான் கொத்தாம ஒட்டினேன். தப்பு எனக்க தப்பு."

"இப்பம் கொத்தினா அவரு பயப்படமாட்டாரா?"

"அவருட்ட கேட்டீங்களா?"

"பேச முடியாத மனுசன்ட்ட என்னத்தக் கேக்க?"

டெல்சி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில், அவர் கண்ணுக்கு நேராக முகம் வரும்படி குனிந்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். "சாரே. முன் சுவரு. கொத்தாம கல்லு ஒட்டிட்டேன். பிடிக்கல. எல்லாம் களத்திட்டுக் கொத்தணும். ஒருபாடு சத்தம் வரும். கொத்தட்டா?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். வாய் கோணி, எச்சில் ஒழுகி, நெடுநேரம் முயன்றார். டீச்சர் துடைக்க வந்தபோது இடது கையால் துணியைத் தள்ளிவிட்டார்.

"அன்னைக்கே," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "கொத்து."

முப்பது வருடம் ஓவர்சியராக இருந்தவர். அன்றைக்கு அவர் கம்பியைத் தட்டியது பயந்து அல்ல, நன்றாகக் கொத்தச் சொல்லித்தான், சத்தம் நின்ற பிறகு கத்தியதும் அதற்குத்தான் என்பது டீச்சருக்கு அப்போதுதான் விளங்கியது. துணியைக் கட்டில் கம்பியில் போட்டார். "நான் மாத்திரை குடுத்தேனே," என்றார், யாரிடம் என்றில்லாமல்.

"அதப் பிறவு பேசலாம். கட்டிலப் பொறத்தால முறிக்குக் கொண்டுபோணும், பிடிங்க. ஜன்னல்ல ஈரத்துணி கெட்டுங்க, தூசி அவருக்க நெஞ்சுக்கு ஆகாது."

கற்களைக் கழற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. டெல்சி ஒவ்வொன்றுக்கும் சாக்பீஸில் எண் போட்டு, சுவரில் இருந்த வரிசையிலேயே முற்றத்தில் பரப்பினாள். குளோரி வைதுகொண்டே கற்களின் முதுகிலிருந்து பழைய பசையைச் சுரண்டினாள். பிறகு உளி. மத்தியானம்வரை வீடே அதிர்ந்தது. பின் அறையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. டீச்சர் இரண்டு தடவை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "கண்ண முழிச்சுக் கேட்டுட்டு கெடக்காரு," என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசல் நிலையின் உயரம்வரை கல் ஏறியிருந்தது. அதற்கு மேல் டெல்சி ஏற்றவில்லை.

"மிச்சத்தையும் ஒட்டிவிட்டிரு பிள்ளே," என்றார் டீச்சர். "ராத்திரி லைட்டு போட்டுத் தாறேன். அரைகொறையா நிக்க வீட்டுக்கு ஆளக் கூப்பிட்டா சிரிப்பாங்க."

"பச்சப் பசையில தலைக்கு மேல கல்ல வச்சிட்டு அடியில ஆள நிறுத்த எனக்குத் தைரியம் இல்ல டீச்சரே. சிரிக்கவன் சிரிக்கட்டு."

குவைத்திலிருந்து விபின் போனில் கத்தினான். டீச்சர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, "ஒனக்க அப்பா சம்மதிச்சாச்சு," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

சனிக்கிழமை ஜெபம் முடிந்து பந்தி போட்டார்கள். டெல்சி பந்தலின் ஓரத்தில் நின்றபடியே சாப்பிட்டாள். கண் சுவரில்தான் இருந்தது. நாகர்கோவிலிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரி அண்ணாந்து பார்த்தாள்.

"இது என்ன டீச்சரே, மேல அம்மை வார்த்தது மாதிரி? கல்லு தீந்து போச்சா?"

"கல்லு இருக்கு. கீழ உள்ளது பிடிச்சு முடியட்டும்னு நிறுத்தியிருக்கு."

"அப்பம் இது பிடிக்கலியா?" என்று அவள் வியாழக்கிழமை ஒட்டிய வரிசையில் விரலை நுழைத்தாள்.

"இழுத்துப் பாரு," என்றார் டீச்சர்.

டெல்சி வாயில் இருந்த சோற்றை மெல்லவில்லை. சொந்தக்காரி மோதிரம் போட்ட விரல்களால் வளைத்துப் பிடித்து, பல்லைக் கடித்து இழுத்தாள். பிறகு கையை உதறி விரலைச் சூப்பினாள்.

"நகம் போச்சு. யாரு இந்தக் கொத்தனாரு?"

"கொத்தனாரு இல்ல. இனயத்துக்காரி, டெல்சி. அந்தா நிக்கா." டீச்சர் அங்கிருந்தே குரலை உயர்த்தினார். "ஏ பிள்ளே, திங்கக்கிழமை எத்தன மணிக்கு வருவே?"

"ஏழுக்கு டீச்சர்."

"எட்டுக்கு வா. ஏழுக்கு அவரக் குளிப்பாட்டணும். நீ ஒட்டுதத பாக்க அவருக்க நாற்காலிய முற்றத்துல போடணும்னு கையக் காட்டுதாரு."